மலர்வளையம் என்று அவள் சொன்ன நாள்

தம்பி, இந்தக் கடிதத்தைக் கைபேசியில் படம் பிடித்து மொழிமாற்றிப் பார்க்காதே. அந்த மொழிமாற்றியால் நம் வீட்டில் நடந்தது போதும். மழையென்றும் பனியென்றும் பாராமல் இரண்டு பஸ் மாறி உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு திரிந்தவள் நான். எழுத்துக்கூட்டியாவது நீயே வாசி. விளங்காத சொல் வந்தால் அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேள். ஆனால் கேட்கும்போது உன் மனுசி கிளேர் பக்கத்தில் இருக்க வேண்டாம். ஏன் என்பது வாசித்துக்கொண்டு போகத் தெரியும். வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுத்து, "அம்மா, இதெல்லாம் இப்ப ஏன்?" என்று தொடங்காதே. நான் முடிவு எடுத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹவுன்ஸ்லோவில் உங்கள் புது வீட்டுக் குடிபூரல் நல்லபடியாகத்தான் நடந்தது. பால் பொங்கியது, வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள், நானும் பெரிய சட்டிகளையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். போகும்போது அம்மா ஏன் முகத்தை உம்மென்று வைத்திருந்தாள் என்று நீ யோசித்திருப்பாய். சோறு குழைந்துவிட்டது என்று ஆரோ சொன்னதற்காக இல்லை. காலையில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது உங்கள் தெருக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கதவில் சிவப்பும் மஞ்சளுமாய் மேப்பிள் இலை வளையம். அடுத்ததில் கோதுமைக் கதிரும் காய வைத்த தோடம்பழத் துண்டுகளும். இன்னொன்றில் பைன் காய்களுக்கு நடுவில் விரலளவு பூசணிக்காய்கள். வரிசையாக எல்லா வீட்டிலும் இலையுதிர் காலம் கதவேறி நிற்கிறது, உங்கள் வீட்டுக் கதவு மட்டும் மொட்டையாக இருந்தது. நான் தமிழ்க் கடையில் வாங்கி வந்த மாவிலையை நூலில் கோத்து, ஸ்டூலில் ஏறி நிலையில் கட்டினேன். கிளேர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாந்து பார்த்து ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள்: "அம்மா, இந்த இலை பரவாயில்லையா? அப்பாவுக்கு இருமல் வராதா?" உள்ளே சோபாவில் இருந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. உடனே மனுசன் இரண்டு தரம் இருமினார். எனக்கு ஸ்டூலோடு பூமிக்குள் போய்விட்டால் நல்லது போல் இருந்தது.

பிறகு குசினியில் இருவரும் பாத்திரம் கழுவும்போது, உங்கள் கதவில் ஏன் வளையம் இல்லை என்று நானே வாயைக் கொடுத்துக் கேட்டேன். போன வருடத்தோடு விட்டுவிட்டேன், இனி ஞாயிறுகளில் அப்பா வந்துபோகப்போகிற வீடு, அவருக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று எதற்கு என்றாள். "அந்த வளையக் கம்பியும் அதோடு போய்விட்டதுதானே" என்றும் சொன்னாள். எந்தக் கம்பி என்று கேட்டேன். அது அவளுடைய அம்மாவின் கம்பியாம். பழைய, துருப்பிடித்த ஒரு கம்பி வட்டம். வருடா வருடம் செப்டம்பர் முடிகிற நேரம் தாயும் மகளும் பை கொண்டுபோய் இலையும் காட்டு ரோசாக் காயும் பொறுக்கி வருவார்களாம். போன வருடத்து இலைகளை உதறிவிட்டு, அதே கம்பியில் புதிதாகக் கட்டுவார்களாம். கடைசி வருடம் தாயால் எழும்ப ஏலாது. கட்டிலில் கிடந்தபடியே, அதை இங்கே வை, இதைக் கொஞ்சம் இறக்கு என்று சொல்ல, இவள் கட்டினாளாம். "பரவாயில்லை அம்மா, வெறும் கம்பிதானே" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் துடைத்து அடுக்கினாள். நான் ஒரே கோப்பையைத் தண்ணீரில் பிடித்தபடி நின்றேன். அந்தக் கம்பியை ஆர் குப்பைத் தொட்டிக்குள் போட்டது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதைப் போடும்போது நான் என்ன சொன்னேன் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

போன வருடம் அந்த நாளில் நீயும் அங்கே நின்றாய்தான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன். அப்பாவின் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து, பதினொரு நாள் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். நீ அவரோடு டாக்சியின் பின் இருக்கையில். நான் முன்னுக்கு, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று ஆருக்கும் சொன்னதில்லை. ஆசுபத்திரியில் உங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அவருடைய பட்டு வேட்டியையும் சால்வையையும் எடுத்து ஸ்திரிக்கை போட்டு அலுமாரியில் முன்னுக்கு வைத்திருந்தேன். எதற்கென்று உனக்கு விளங்கும். அவர் வீட்டுக்குத் திரும்பி வருகிற நாளில் அந்த வேட்டி இன்னும் அங்கேதான் கிடந்தது. என் மனுசனை என் மனசுக்குள் நான் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன் என்ற குற்றம் எனக்குள் இருந்தது. அந்த மனத்தோடுதான் டாக்சிக் கதவைத் திறந்து இறங்கினேன்.

இறங்கிப் பார்த்தால் லூயிஷாமில் என் வீட்டுக் கதவில் ஒரு வட்டம். காய்ந்த இலைகள், வாடின நிறத்தில் செவ்வந்தி. டிசம்பரில் நத்தாருக்குச் சிவப்பு ரிப்பனும் பச்சை இலையுமாய்க் கட்டுவார்கள், அதை நான் கண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடம் மாடிக் குடியிருப்பில் இருந்தவளுக்கு ஒக்டோபர் மாதத்தில் ஆர் கதவில் என்ன தொங்குகிறது என்று எப்படித் தெரியும்? இந்தத் தெருவுக்கு வந்தே அப்போது ஆறு மாதம் ஆகவில்லை. இது என்ன கோலம் என்று நான் திகைத்து நிற்க, உள்ளேயிருந்து கிளேர் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கிழமையாகச் சொல்லிப் பழகியிருக்கிறாள் போல. தெருவுக்கே கேட்கிற மாதிரி, நல்ல தமிழில் சொன்னாள்: "அம்மா! அப்பாவுக்கு மலர்வளையம்!"

நமக்கு மலர்வளையம் என்றால் என்ன, தம்பி? சவப்பெட்டிக்கு மேல் வைப்பது. சங்கத்தின் பெயரை ரிப்பனில் எழுதி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தலையைக் குனிந்து கொண்டுபோய் வைப்பது. என் வயதுக்கு அந்தச் சொல்லை நான் செத்தவீட்டில் தவிர வேறெங்கும் கேட்டதில்லை. அவள் தன் மொழியில் உள்ள சொல்லைக் கைபேசியில் தட்டியிருக்கிறாள், கைபேசி அதைத் தமிழில் கொடுத்திருக்கிறது. கைபேசியிலும் பிழை இல்லை, அகராதியைப் புரட்டினாலும் அதுதான் வரும். நாங்கள் ஓலைத் தோரணத்தை நல்லதுக்கு ஒரு மாதிரியும் கெட்டதுக்கு வேறு மாதிரியும் மடிப்போம். வெளியாள் ஒருவர் பார்த்தால் இரண்டும் ஒரே ஓலைதான். ஆனால் இந்த நியாயமெல்லாம் பிறகு வந்தது. அந்த நேரம் எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உன் மனுசனுக்கு மலர்வளையம். நான் போய் அதைப் பிய்த்தேன். கதவில் ஆணி இழுத்த கீறல் இன்னும் இருக்கிறது. வாசலில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் அதைத் திணித்து மூடியை அடித்தேன். அடித்துக்கொண்டே சொன்னேன்: "கொண்டுபோய் உன்ர அம்மான்ர பெட்டிக்கு மேல வை! என்ர மனுசன் இன்னும் சாகேல்லை!"

அவளுடைய அம்மா செத்து அப்போது ஒரு வருடம். அது தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் வாயில் வந்தது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு நொந்தது, நோகிற இடம் பார்த்து அடித்தேன். அவளுக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவும் இருந்தது. அவள் பயந்துபோய் உன்னைப் பார்த்தாள். அம்மா என்ன சொல்கிறா என்று கேட்டாள். நீ அப்பாவின் கையைப் பிடித்தபடி, கண்ணிமைக்காமல் சொன்னாய்: இலைத்தூசு அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது, இருமல் வந்தால் நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறா. அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். நான் அதை யோசிக்கவே இல்லை, மன்னியுங்கோ அம்மா, மன்னியுங்கோ என்று என் கையைப் பிடித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி, போகட்டும் என்று தலையாட்டினேன். நான் அவளை மன்னித்தேன், தம்பி! இதைவிட வெட்கங்கெட்ட காரியம் ஒன்றை என் சீவியத்தில் நான் செய்ததில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இந்த வேலையை உனக்குப் பழக்கியதே நான்தான். ஏழு வயதிலிருந்து நீதான் எனக்கு வாய், நீதான் எனக்குக் காது. உன் வகுப்பு ரீச்சர் பெற்றோர் சந்திப்பில் இவன் ஓயாமல் கதைக்கிறான் என்று முறைப்பாடு சொல்ல, "நல்லாக் கதைக்கிறானாம் அம்மா" என்று எனக்குச் சொன்னாய். நான் பூரித்துப்போய் அந்த மனுசிக்கு இரண்டு கையும் கூப்பி நன்றி சொல்லி, உனக்கு வரும் வழியில் றோல்ஸ் வேறு வாங்கித் தந்தேன். அது கள்ளம். அதற்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் இன்னொரு நாள் வீட்டு விசயமாக ஓர் அலுவலகத்தில் நின்றோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். நீ என் பக்கம் திரும்பி, "நாளைக்கு வரட்டாம்" என்றாய். பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்து, பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து எனக்கு ஆங்கிலம் பிடிபட்ட பிறகு ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நிற்கும்போது, அவள் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. மொழி தெரியாத சனம் இங்கே எதற்கு வருகிறது என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். பத்து வயதில் நீ அதை விழுங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குக் கூட்டி வந்திருக்கிறாய். அன்றைக்குக் குசினியில் நான் அழுததற்குப் பக்கத்து மேசை வெங்காயத்தைச் சாட்டினேன். எனக்குப் படக்கூடாது என்று நீ எத்தனையை உன் வயிற்றுக்குள் போட்டு வைத்திருக்கிறாயோ, எனக்குத் தெரியாது.

இனி என் பெரிய பிழைக்கு வருகிறேன். கோபத்தில் கத்தியது ஒரு நிமிடம். மற்றது ஒரு வருடம். அப்பா வந்து இரண்டு கிழமை இருக்கும், எதிர்வீட்டு ஜமைக்கா மனுசியின் கதவிலும் ஒரு வளையம் தொங்கியது. நான் பாவமே என்று தெருவைக் கடந்து போய், "சொறி டார்லிங், வீட்டில ஆர் போயிட்டினம்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் முதலில் பயந்துபோனாள். பிறகு நான் கதவைக் காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவரும் சாகவில்லை, இது இலையுதிர் காலம், வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே சந்தோசப்படட்டும் என்று கட்டுவது, சும்மா அழகுக்கு என்றாள். நான் வீட்டுக்கு வந்து மாடிப்படியில் இருந்தேன். ஆசுபத்திரியால் வருகிற மனுசனை அந்தப் பிள்ளை வரவேற்றிருக்கிறாள். அது எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அன்றைக்கே போன் எடுத்திருக்கலாம். அடுத்த ஞாயிறு சொல்லியிருக்கலாம். நீ சொன்ன பொய் நல்ல மெத்தையாக இருந்தது, நான் அதில் படுத்துவிட்டேன்.

அந்தப் பொய்க்காக அவள் என்னென்ன செய்தாள் என்று நீ கவனித்தாயா? மறுநாளே வந்து விறாந்தை முழுக்கத் தூசு போக ஹூவர் பிடித்தாள். திரைச்சீலையைக் கழற்றித் தோய்த்தாள். எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் சென்ட் அடிப்பதை விட்டாள். அப்பாவுக்குத் தேனும் இருமல் இனிப்பும் கொண்டு வந்தாள். உன் அப்பாவைக் கேட்கவே வேண்டாம், இருமலே இல்லாத மனுசன், மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவள் வரும்போதெல்லாம் இரண்டு தரம் இருமிக் காட்டுவார். எனக்கு முதலில் பகிடியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பகிடியாக இல்லை. தாய் செத்த பிள்ளை, தாயோடு செய்த ஒரே ஒரு காரியத்தை, இல்லாத இருமலுக்காக விட்டுவிட்டு இருக்கிறாள். அதுவும் அந்தத் தாயின் பெட்டியைப் பற்றி வாய் கூசாமல் பேசியவளை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு.

அப்பாவிடம் சொன்னேன். "இஞ்சரும், ஒரு வருசமா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லாமல் ஓடுற விசயம். இப்ப ஏன் அதைக் கிண்டுறீர்?" என்றார். "கிண்டாட்டி அந்தப் பிள்ளையின்ர கதவு மொட்டையாத்தான் கிடக்கும்" என்றேன். "அவள் கோவிச்சுக்கொண்டு இனி இந்தப் பக்கம் வரமாட்டன் எண்டால்?" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான், தம்பி. அவள் போனால் நீயும் அவளோடு நிற்பாய், நிற்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாமல் போகும். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதைத் தூர நின்று பார்க்க வேண்டியும் வரும். இதெல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டு அப்பாவுக்குச் சொன்னேன்: "வராட்டி வராமல் இருக்கட்டும். என்ன நடந்தது எண்டு தெரிஞ்சு வராமல் இருக்கட்டும்." மனுசன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்ப நான் இனி இருமத் தேவையில்லை என்ன?" என்று கேட்டார். அவருக்கு அந்தக் கவலை.

புதன்கிழமை லூயிஷாம் சந்தைக்குப் போய்ப் பூக்காரனிடம் அந்த மாதிரிக் கம்பி வட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. புத்தம் புதிதாய், மினுமினுவென்று, மூன்று அளவில். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். அதை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் நீட்டினால், அவள் அதற்கும் நன்றி சொல்வாள். அவள் குணம் அது. நீயும் உன் பாட்டுக்கு இன்டர்நெட்டில் ஒன்றை வாங்கி வைத்துவிடாதே. அவளுடைய அம்மாவின் கை பட்ட கம்பி குப்பை லொறியில் போய்விட்டது, அதை எவராலும் திருப்பிக் கொடுக்க ஏலாது. நான் கொடுக்கக்கூடியது நடந்தது என்ன என்கிற உண்மையை மட்டும்தான்.

உனக்கு ஒரு புத்தி சொல்லித்தான் ஆக வேண்டும். நான் தாய், சொல்லாமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கிளேருக்கும் எனக்கும் நடுவில் நிற்காதே. அவள் சொன்னதை எனக்கு இனிப்பாக்கியும், நான் சொன்னதை அவளுக்கு இனிப்பாக்கியும் தந்து தந்து, நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் இன்னும் சந்திக்கவே இல்லை. அவள் சந்திப்பது நீ செய்து வைத்த ஒரு நல்ல மாமியாரை. எனக்கும் அப்படித்தான். என் சமையலைப் பற்றி அவள் மெய்யாகவே என்ன நினைக்கிறாள் என்று இந்த மூன்று வருடத்தில் எனக்குத் தெரியாது. அவளுக்கு உறைப்புக் கூடிப்போகிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். உங்கள் இருவருக்குள்ளும் இதைச் செய்யாதே. உனக்கு நொந்தால் நொந்தது என்று அவளுக்குச் சொல்லு. பத்து வயதில் விழுங்கியது போதும்.

எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. தெரியாத மொழியில் ஒரு சொல்லை ஒரு கிழமை பாடமாக்கி, தெருவில் நின்று துணிந்து சொன்ன பிள்ளை அவள். அப்படிப்பட்டவளுக்கு உண்மையைத் தாங்கவும் தெரியும் என்று நினைக்கிறேன். உடனே இல்லாவிட்டாலும் ஒருநாள். இந்த வருடத்து இலைகள் இன்னும் முழுதாகக் கொட்டி முடியவில்லை. அவள் திரும்பவும் கட்டினால் எனக்குக் கண் நிறையும். கூட வா என்று என்னையும் கூப்பிட்டால், முழங்கால் நோவோடு குனிந்து குனிந்து நானும் பொறுக்குவேன். அது அவள் விருப்பம், நான் கேட்க மாட்டேன். நீயும் எனக்காகக் கேட்காதே.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் தனியாக வருகிறேன். அப்பா வரமாட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். எனக்குக் கதவைத் திறந்துவிட்டு நீ வெளியில் எங்கேயாவது போ. சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி, அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடக் குசினியில் படித்த ஆங்கிலத்தில் பெட்டிக்குச் சொல் இல்லை, அதைத் தேடி எடுத்தேன். அவள் அழலாம். கத்தலாம். வெளியே போ என்றும் சொல்லலாம். அப்போது நீ வாசலில் வந்து நின்று, "அம்மா, அவ களைச்சுப்போனா, நீங்கள் பிறகு வாங்கோவன்" என்று எனக்குச் சொல்லிவிடாதே ராசா. அவள் சொல்வதை அவள் வாயாலேயே நான் கேட்க வேண்டும். எனக்கு விளங்கும்.

அம்மா